பிளேஸ்டேஷன் ஸ்டோர்: வசதிக்குக் குறைவில்லை, வாங்கியதற்கு உறுதியில்லை

சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று விற்பனைக்கு வந்தபோது, டிஸ்க் டிரைவ் உள்ள கன்சோலின் விலை 49,990 ரூபாயாக இருந்தது. டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் சில மாதங்கள் கழித்து 39,990 ரூபாய்க்கு வந்தது. உள்ளே இருக்கும் சிப், நினைவகம், வேகம் அனைத்தும் ஒன்றுதான் என்பதால், ஒரு டிரைவுக்காகப் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு என்று பலரும் அப்போது நினைத்தார்கள். அந்தப் பத்தாயிரத்தைச் சோனி தானம் செய்யவில்லை. டிரைவ் இல்லாத அந்தக் கன்சோலை வாங்கியவர் அதற்கு கேம் வாங்க உலகத்தில் இருப்பது ஒரே ஒரு கடைதான். அதுதான் பிளேஸ்டேஷன் ஸ்டோர் என்ற இணையக் கடை, அதை நடத்துவதும் சோனிதான். வேறு கடையில் விலை விசாரிக்க முடியாது, நண்பரிடம் இரவல் வாங்க முடியாது, ஆடி முடித்ததை விற்கவும் முடியாது. 2019 ஏப்ரலிலேயே அமெரிக்கச் சில்லறைக் கடைகள் முழு கேம்களின் தரவிறக்கக் குறியீடுகளை விற்கும் ஏற்பாட்டைச் சோனி நிறுத்திவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், திட்டம் எவ்வளவு நாளாக ஊறியது என்பது விளங்கும். பிரிட்டனில் இதே ஏகபோகத்தையும், ஒவ்வொரு விற்பனையிலும் சோனி எடுத்துக்கொள்ளும் 30 சதவீதக் கழிவையும் எதிர்த்து, நுகர்வோர் சார்பில் 500 கோடி பவுண்டு வரை இழப்பீடு கோரும் வழக்கு 2022-இல் தொடுக்கப்பட்டது.

நான் டிரைவ் உள்ள கன்சோலையே வைத்திருக்கிறேன். ஆனாலும் இந்த ஸ்டோரைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன், பணமும் செலவழிக்கிறேன். எனவே இது ஸ்டோரைப் புறக்கணித்தவரின் விமர்சனம் அல்ல.

முதலில் அதற்கு உரிய பாராட்டைக் கொடுத்துவிடலாம். பிளேஸ்டேஷன் 4-இல் ஸ்டோர் என்பது தனியாகத் திறக்க வேண்டிய ஒரு செயலி. அது திறந்து படங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் வாங்கும் ஆசையே போய்விடும். பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்டோர் கன்சோலின் முகப்பிலேயே இணைந்திருப்பதால், கேமை நிறுத்தாமலேயே ஒரு பொத்தானில் அங்கே போய்த் திரும்பி வர முடிகிறது. முன்பதிவு செய்த கேம் வெளியீட்டுக்கு முன்பே தரவிறங்கிக் காத்திருக்கும். நள்ளிரவு தாண்டியதும் ஆட வேண்டியதுதான். கூரியர்காரரின் அழைப்புக்காகக் காத்திருந்து பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அதைவிடப் பெரிய நன்மை, சிறு நிறுவனங்களின் கேம்கள். டொரொண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கிய வெண்பா என்ற கேம், 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் 5, கணினி ஆகியவற்றில் வெளிவந்தது. 1980-களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் ஆட்டம். முதலில் வரும் இட்லிப் பகுதியில், ஆவி எல்லாக் குழிகளுக்கும் போய்ச் சேரும்படி தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தராமல் நாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். இட்லிப் பானையைத் திறந்து பார்த்தே வளர்ந்த நம்மவர்களுக்கு அது ஒரு நொடி வேலை. வெளிநாட்டவர் அங்கே தடுமாறுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப மகிழ்ச்சி உண்டு. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்த கேம் 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதைப் பெற்றது. டிஸ்க் அச்சடித்து, பெட்டியில் அடைத்து, கடைகளுக்கு அனுப்பித்தான் விற்க வேண்டும் என்ற காலமாக இருந்திருந்தால், இப்படியொரு கேமுக்கு முதலீடு செய்ய எந்த வெளியீட்டாளர் முன்வந்திருப்பார் என்று தெரியவில்லை. இணைய ஸ்டோர் என்ற ஏற்பாடு எனக்குச் செய்த ஆகப்பெரிய நன்மை இதுதான்.

ஆனால் அதே திறந்த வாசல் வழியாகக் குப்பையும் வருகிறது. புதிய வெளியீடுகளின் வரிசையைக் கீழே நகர்த்திக்கொண்டே போனால், ஒரே வார்ப்பில் எடுத்த கடை நடத்தும் கேம்களும், வேறொருவரின் வெற்றிபெற்ற கேமின் பெயரையும் அட்டைப்படத்தையும் ஒட்டி எடுத்தவையும், ஒரு பொத்தானைத் தொடர்ந்து அழுத்தினால் ஆட்டக்காரரின் கணக்கில் பெருமைச் சின்னமாகச் சேரும் பிளாட்டினம் கோப்பை கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் இல்லாதவையும் வரிசைகட்டி நிற்கின்றன. இவற்றின் அட்டைப்படங்களில் பல செயற்கை நுண்ணறிவு வரைந்தவை என்பது விரல்களை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும். போட்டி நிறுவனமான நின்டெண்டோவின் இஷாப் என்ற ஸ்டோரிலும் இதே கதைதான். வாங்கியவர்கள் கருத்து எழுதும் வசதி இருந்தால் இத்தகைய சரக்கு ஒரே நாளில் அம்பலமாகிவிடும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணைய ஸ்டோரில் அந்த வசதி பல ஆண்டுகளாக இருக்கிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் வெறும் நட்சத்திர மதிப்பீடு மட்டுமே. ஏன் மூன்று நட்சத்திரம், எதில் குறை என்று ஒருவரும் நமக்குச் சொல்ல முடியாது. எழுத்து விமர்சனம் வந்தால் பெரிய நிறுவனங்களின் அரைகுறை வெளியீடுகளும் அடிவாங்கும் என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

ஒரு கேமின் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அடுத்த குழப்பம் தொடங்கும். ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், அல்டிமேட் என்று மூன்று எடிஷன்கள் இருக்கும். சில சமயம் பிளேஸ்டேஷன் 4-க்குத் தனி, 5-க்குத் தனி, இரண்டும் சேர்ந்தது தனி என்று இருக்கும். எதில் என்ன கூடுதலாக இருக்கிறது என்பதை அறிய ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். டீலக்ஸில் தரப்படும் கூடுதல் பொருள் பெரும்பாலும் நாயகனுக்கு ஒரு தங்க நிறச் சட்டை, ஒரு கைத்துப்பாக்கி, பின்னணி இசை ஆகியவைதாம். சலுகைக் காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பட்டியலிடப்படும். அவற்றில் பல கேம்களே அல்ல, கேமுக்குள் செலவழிக்கும் காசுப் பொதிகளும் உடைகளும் கூடுதல் வரைபடங்களும்தான். நான் ஏற்கெனவே வைத்திருப்பதை மறைத்துவிடு என்ற எளிய தேவையைக்கூட நிறைவேற்றாத வடிகட்டியை வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலை முழுவதும் பார்த்து முடித்தவர்கள் பொறுமைசாலிகள்.

விலைக்கு வருவோம். பிளேஸ்டேஷன் 4 காலத்தில் சோனியின் சொந்த கேம்கள் இங்கே 3,999 ரூபாய்க்கு விற்றன. பிளேஸ்டேஷன் 5 வந்தபிறகு அது 4,999 ரூபாய் ஆனது. டிஸ்குக்கும் தரவிறக்கத்துக்கும் வெளியீட்டு நாளில் பெரும்பாலும் ஒரே விலைதான். பிளாஸ்டிக் பெட்டியும் லாரியும் கடை வாடகையும் இல்லாத ஒரு விற்பனையில் அந்த மிச்சம் வாங்குபவருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு இதுவரை யாரும் நேராகப் பதில் சொன்னதில்லை. டிஸ்க் வாங்கியவர் கேமை முடித்ததும் சென்னை ரிச்சி தெருவிலோ, அது போன்ற பழைய கேம் வாங்கி விற்கும் கடைகளிலோ, நண்பர்கள் குழுவிலோ விற்று, போட்ட பணத்தில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெற்றுவிடலாம். புதிதாக வந்த கேமை முதல் வாரத்திலேயே முடித்து விற்றுவிட்டு அடுத்ததை வாங்கும் சுழற்சி ஒன்று இங்கே வெகுகாலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் பலர் கன்சோலில் ஆட முடிவதே அதனால்தான். தரவிறக்கம் செய்த கேமுக்கு மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம். ஆகவே ஒரே விலை என்று சொல்வதே தவறு. தரவிறக்கம்தான் விலை கூடியது.

பணம் செலுத்துவதும் எப்போதும் நேராக நடப்பதில்லை. 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் தொடர் கட்டண விதி நடைமுறைக்கு வந்தபோது, அட்டையிலிருந்து தானாகக் கழியும் சந்தாக்கள் நாடு முழுவதும் தடைப்பட்டன. அந்த விதி நுகர்வோருக்கு நல்லதே. ஆனால் அதற்கேற்ப வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் கட்டண முறையை மாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட காலம்தான் பெரிது. அதன்பிறகு நான் பெரும்பாலும் ஸ்டோர் கணக்கில் முன்பணம் சேர்க்கும் வாலட் குறியீடுகளை வாங்கி நிரப்பியே செலவு செய்கிறேன். அதில் இன்னொரு சிறு எரிச்சல்: குறியீடுகள் 500, 1,000 என்று முழுத் தொகைகளாகவே கிடைக்கும், கேமின் விலையோ அப்படி இருக்காது, மீதி எப்போதும் வாலட்டில் தங்கி அடுத்த வாங்கலுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் கோபத்தை வரவழைப்பது பணத்தைத் திருப்பித் தரும் விதி. வாங்கிய 14 நாட்களுக்குள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் தரவிறக்கத்தையோ ஸ்ட்ரீமிங்கையோ தொடங்கியிருக்கக் கூடாது. தரவிறக்காமல் ஒரு கேம் சரியாக ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாங்கியவுடன் தரவிறக்கம் தானாகவே தொடங்கும்படி கன்சோலில் ஓர் அமைப்பு வேறு இருக்கிறது. ஸ்டீமில் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேள்வி கேட்காமல் பணம் திரும்பும். ஆடிப் பார்த்துத் திருப்பித் தரும் அந்த உரிமை கணினிக்காரருக்கு உண்டு, கன்சோல்காரருக்கு இல்லை. சோனியால் முடியாது என்பதும் பொய். சைபர்பங்க் 2077 கேம் 2020 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. பிளேஸ்டேஷன் 4-இல் அது ஆடவே முடியாத நிலையில் இருந்ததால் எழுந்த கொந்தளிப்பில், ஏறத்தாழ ஒரு வாரத்தில் சோனி அதை ஸ்டோரிலிருந்தே நீக்கி, தரவிறக்கி ஆடியவர்கள் உட்பட கேட்டவர்களுக்கெல்லாம் முழுப் பணத்தையும் திருப்பித் தந்தது. கேம் மீண்டும் ஸ்டோருக்கு வந்தது 2021 ஜூன் 21 அன்று. சோனியே வெளியிட்ட கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்து, செப்டம்பர் 6 அன்றே இழுத்து மூடப்பட்டபோதும் எல்லோருக்கும் பணம் திரும்பியது. ஊரே கூச்சலிட்டால் உண்டு, தனி ஒருவர் கேட்டால் இல்லை என்பதுதான் நடைமுறை விதி.

இவை எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு வாங்கினாலும், வாங்கியது நம்முடையதுதானா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2014 ஆகஸ்டில் இலவசமாக வந்து, திகில் கேம் ரசிகர்களை ஆட்டிப்படைத்த பி.டி. என்ற முன்னோட்ட கேம், 2015 ஏப்ரலில் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. ஏற்கெனவே பெற்றிருந்தவர்கள்கூட அழித்துவிட்டால் மீண்டும் தரவிறக்க முடியாமல் போனது. 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, கையடக்கக் கன்சோல்களான பிஎஸ்பி, வீட்டா ஆகியவற்றின் ஸ்டோர்களை மூடப்போவதாகச் சோனி அறிவித்தது. எதிர்ப்பு வலுத்ததால் ஏப்ரல் 19 அன்று பிளேஸ்டேஷன் 3, வீட்டா ஸ்டோர்கள் தப்பின. பிஎஸ்பிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தப்பியவற்றிலும் அட்டை மூலம் நேரடியாகப் பணம் செலுத்தும் வழி அதே ஆண்டு அக்டோபரில் அடைக்கப்பட்டது. 2023 டிசம்பரில், ஸ்டோரில் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்கவரி தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வாங்கியவர்களின் நூலகத்திலிருந்தே நீக்கப்படும் என்று அறிவித்துவிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு குறைந்தது 30 மாதங்களுக்கு அவை இருக்கும் என்று மாற்றிச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கியதற்கு அவகாசம் கொடுப்பதைச் சலுகையாக அறிவிக்கும் துணிச்சலை வேறு எந்த வியாபாரத்திலும் நான் பார்த்ததில்லை.

சோனியை மட்டும் சொல்வது நியாயமாகாது. நின்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று தன் பழைய கன்சோல்களான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் இஷாப்களில் விற்பனையை நிறுத்தியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் ஸ்டோர் 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. யூபிசாஃப்ட் தன் தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. தனியாக ஆடக்கூடிய பகுதிகளும் இணையத் தொடர்பு இல்லாமல் ஓடாதபடி எழுதப்பட்டிருந்ததால், டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அது வெறும் வட்டத் தகடாகிப்போனது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனுவுக்கு 2025 ஜூலையில் பத்து லட்சம் கையொப்பங்கள் சேர்ந்தன. விற்பது பொருளை அல்ல, உரிமத்தை மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. சொல்லிவிட்டுப் பறிக்கலாம் என்பதுதான் இதன் உட்பொருள் என்றாலும், சொல்லாமல் பறிப்பதைவிட மேல்.

டிஸ்க் வாங்கினால் எல்லாம் சுகம் என்றும் நான் சொல்ல மாட்டேன். டிஸ்கில் இருப்பது பல சமயம் அரைவேக்காட்டுப் பதிப்பு. போட்டவுடன் பல ஜிபி அப்டேட் இறங்கத் தொடங்கும். 825 ஜிபி என்று சொல்லி விற்ற முதல் பிளேஸ்டேஷன் 5-இல் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ 667 ஜிபிதான். அதில் கால் ஆஃப் டூட்டி மட்டுமே 200 ஜிபியைத் தாண்டி இடம் பிடித்துக்கொள்ளும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் கேம் கீ கார்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன: பெட்டியும் உண்டு, உள்ளே கார்டும் உண்டு, ஆனால் கார்டுக்குள் கேம் கிடையாது, ஸ்டோரிலிருந்து தரவிறக்க வேண்டும்.

டிஸ்கை இணையத்தில் வாங்குவதில் வேறு வகைத் தொல்லை. ஒரு பெரிய இணைய அங்காடியில் நான் வாங்கிய கேமின் படத்தில் நம் நாட்டில் வழக்கமாக வரும் பெகி வயது முத்திரை இருந்தது. வந்து சேர்ந்த பெட்டியின் மூலையிலோ அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி முத்திரை. கேம் ஓடியது. ஆனால் கூடுதல் அத்தியாயத்துக்காக உள்ளே இருந்த துண்டுச்சீட்டின் பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டை இட்டால், செல்லாது என்றது கன்சோல், ஏனென்றால் குறியீடு அமெரிக்கக் கணக்குக்கு உரியது, என்னுடையது இந்தியக் கணக்கு. கூடுதல் அத்தியாயத்தை இந்திய ஸ்டோரில் தனியாகக் காசு கொடுத்து வாங்கினாலும் அமெரிக்க டிஸ்கோடு அது சேராது. புகார் செய்தால், உறை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற இயலாது என்ற பதில் வந்தது. குறியீடு உறைக்குள் இருக்கிறது என்பதைப் பதில் எழுதியவருக்கு விளக்கிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

நாட்டுக்கு நாடு போடும் இந்தப் பூட்டு நமக்காவது தொல்லையோடு நிற்கிறது. இலங்கைத் தமிழருக்குக் கதவே கிடையாது. ஸ்டோரில் வாங்கத் தேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு தொடங்கும்போது காட்டப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. அங்கே கன்சோல் வைத்திருப்பவர்கள் வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுத்துத்தான் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு அந்த நாட்டின் வாலட் குறியீட்டைத் தேடி, இடைத்தரகருக்கு மேல்காசு கொடுத்து வாங்க வேண்டும். கணக்கின் நாட்டைப் பின்னர் மாற்றவும் முடியாது. 2024 மே மாதத் தொடக்கத்தில், ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கணினியில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தாக வேண்டும் என்று சோனி அறிவித்தபோது, கணக்கே தொடங்க முடியாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அது ஸ்டீம் விற்பனையிலிருந்து மறைந்தது. கணக்கு இணைக்கும் நிபந்தனையைச் சில நாட்களிலேயே கைவிட்டார்கள், நாடுகளின் பட்டியலை விரிவாக்கும் எளிய வழி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சந்தாவைப் பற்றி ஒரு வார்த்தை. மாதக் கட்டணத்துக்கு கேம்களை ஆடவிடும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா 2022-இல் மூன்று அடுக்குகளாக மாறியபோது இந்தியாவில் மாதத்துக்கு எசென்ஷியல் 499, எக்ஸ்ட்ரா 749, டீலக்ஸ் 849 ரூபாய் என்று தொடங்கியது. கிளவுட் ஸ்ட்ரீமிங் உள்ள பிரீமியம் அடுக்கு நமக்கு இல்லை. எக்ஸ்ட்ரா அடுக்கு கொடுத்த காசுக்குத் தகும். நூலகம் பெரிது, நான் தனியாகக் காசு கொடுத்து வாங்கியிருக்கவே மாட்டாத கேம்களை ஆடியது அதன் தயவில்தான். டீலக்ஸுக்கு அப்போது கூடுதலாகக் கேட்ட நூறு ரூபாய்க்கு அவ்வளவு சாரமில்லை. 2025 பிப்ரவரியில் நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் முடங்கியபோது சந்தாதாரர்களுக்கு ஐந்து நாள் நீட்டிப்புத் தந்தார்கள். என்ன கோளாறு என்பதற்கு, இயக்கச் சிக்கல் என்பதற்கு மேல் விளக்கம் வரவில்லை.

நான் ஸ்டோரைப் பயன்படுத்தும் முறை இதுதான்: சிறு நிறுவனங்களின் கேம்களையும், 75 சதவீதத் தள்ளுபடிக்கு வந்த பழையவற்றையும் அங்கே வாங்குகிறேன், முழு விலைக்கு வரும் எதையும் டிஸ்காகவே வாங்குகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். நான்காவதைத் தடுப்பது ஒரு சின்ன விஷயம். பிளேஸ்டேஷன் 4-இல் சேமித்த ஆட்டத்தை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. பிளேஸ்டேஷன் 5 கேம்களின் சேமிப்புகளை அப்படி வெளியே எடுக்க முடியாது. சந்தா கட்டினால் கிளவுடில் வைக்கலாம், கட்டாவிட்டால் கன்சோலோடு போயிற்று. நூறு மணி நேரம் ஆடிச் சேர்த்த என் சொந்த உழைப்பின் சில மெகாபைட்டுகளை என் பென் டிரைவில் போட்டுக்கொள்ள விடாமல், பத்திரமாக வைப்பதற்கு மாதச் சந்தா கேட்கும் ஒரு நிறுவனத்துக்கு, அது அந்த வழியைத் திறக்கும் வரை, என் கையால் மூன்றுக்கு மேல் விழாது.